பாடத் தெரிந்த பித்தளை

டிராம்போன் பழகுகிறவர்களிடம் உலகெங்கும் புழங்கும் பயிற்சிப் புத்தகம் ஒன்று உண்டு. பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவில் முதல் டிராம்போன் வாசித்த யோவான்னஸ் ரோஷூ 1928-இல் தொகுத்தது. மூன்று பாகம், 120 பயிற்சிகள். ஊதுகிறவர்கள் அதைச் சுருக்கமாக ‘ரோஷூ’ என்பார்கள். அதிலுள்ள இசை டிராம்போனுக்காகப் பிறந்ததல்ல. மார்கோ போர்தோஞ்ஞி (1789–1856) என்ற இத்தாலியப் பாடகர், பாரிஸில் தம்மிடம் பாட்டுப் படித்தவர்களுக்காக எழுதிய குரல் பயிற்சிகள் அவை. 1825-இல் ரோஸினி எழுதிய ‘ரீம்ஸ் பயணம்’ ஒபேராவில் லிபென்ஸ்காஃப் பிரபுவாக முதன்முதலில் பாடியவர் இந்தப் போர்தோஞ்ஞி. ஒரு பாடகரின் மூச்சுக் கணக்குதான் நூறாண்டாக டிராம்போன்காரர்களுக்குப் பாடமாக இருந்துவருகிறது. இந்தக் கருவியைப் பற்றி எதைத் தேடிப் படிப்பவரும் முதலில் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ரோஷூவின் புத்தகத்தில் டிராம்போன் வரி மட்டும் இருக்கிறது. போர்தோஞ்ஞி எழுதிய மூலத்தில் பியானோ துணை உண்டு. மூலத்தைத் தேடிப் பிடித்து, ஒரு நண்பரைப் பியானோவில் உட்காரவைத்து வாசித்துப் பாருங்கள். எந்தச் சுரத்தில் தயங்க வேண்டும், எதில் சாய வேண்டும், எங்கே மூச்சு விடலாம் என்பதையெல்லாம் பியானோவின் சுரக்கூட்டுகளே சொல்லிக் கொடுக்கும். தனி வரியை மட்டும் மாதக்கணக்கில் ஊதிக்கொண்டிருப்பது தம்புராவை நிறுத்திவிட்டுக் கீர்த்தனை பாடுவதற்குச் சமம்.

கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். டெனர் டிராம்போனில் குழாய் நீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர். சுரத்துக்குச் சுரம் துளையும் கிடையாது, வீணையில் இருப்பதுபோல மெட்டும் கிடையாது. வலக்கையின் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் லேசாகப் பிடித்திருக்கும் ஸ்லைடு ஒன்றுதான் உண்டு. அதில் ஏழு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் சுருதி அரைச்சுரம் இறங்கும். நிலைகளுக்கிடையே உள்ள தூரம் ஒரே அளவல்ல. முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்குக் கிட்டத்தட்ட 8 செ.மீ.; ஆறிலிருந்து ஏழுக்கு 11 செ.மீ.க்கு அருகில். ஸ்லைடில் கோடு கிடையாது, குறி கிடையாது. மணிக்கட்டைத் தளர்த்தி, காதை நம்பி, கை அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். சித்திர வீணை வாசிப்பவருக்கு நான் சொல்வது உடனே புரியும்.

ஜாரு என்ற வழுக்கலுக்கென்றே செய்த கருவி என்று நமக்குத் தோன்றும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஏழு நிலைகளையும் சேர்த்தால் ஆறு அரைச்சுரம்தான். கையை முழுக்க நீட்டி ஸட்ஜத்தில் தொடங்கினால் பிரதி மத்யமம் வரை ஒரே வழுக்கலில் ஏறி வரலாம். பஞ்சமத்துக்கு அப்படி வழுக்கிப் போக வழியில்லை. உதட்டை இறுக்கி அடுத்த அடுக்குக்குத் தாவியாக வேண்டும். அந்தத் தாவல் காதில் விழாதபடி செய்கிறவரே வித்வான். இன்னொன்றும் உண்டு. நமக்குக் கமகம் சுரத்தின் உயிர். போர்தோஞ்ஞியின் உலகத்திலோ வழுக்கல் எப்போதாவது தூவுகிற வாசனைப் பொருள். ஆகவே டிராம்போன்காரர் ஸ்லைடை நகர்த்தும் அந்த நொடியில் நாக்கின் நுனியால் ‘லு’ என்று மெல்லத் தொட்டு வழுக்கலை மறைக்கிறார். மூச்சு அறாது, சுரங்கள் ஒட்டாது. இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்யப் பல வருடம் பிடிக்கும். செய்து கேட்டால் பித்தளை என்பதே மறந்துபோகும்.

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு பலெர்மோதான் கண்முன் வருகிறது. சிசிலியின் தலைநகரான அந்த ஊரில் ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். பெல்லெக்ரினோ மலையில் குகைக் கோயில் கொண்டிருக்கும் சாந்தா ரொசாலியாவை இந்துத் தமிழர்களும் ஏறிப்போய்க் கும்பிட்டு வருகிறார்கள். அந்தத் தமிழ் வீட்டுப் பிள்ளை ஒன்று டிராம்போன் எடுத்தால், காதில் கமகத்தோடு வளர்ந்த அந்தப் பிள்ளை எதைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை.

முதலில் ஊரிலேயே இருப்பது. பலெர்மோவின் இசைக் கல்லூரி 1617-இல் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லமாகத் தொடங்கியது. பிற்பாடு அங்கே இசை புகுந்து, அதுவே அதன் தொழிலாயிற்று. நெடுங்காலம் பெல்லீனியின் பெயரைத் தாங்கிவிட்டு, இப்போது பலெர்மோவில் 1660-இல் பிறந்த அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாத்தியின் பெயரில் நடக்கிறது. பெல்லீனியும் சிசிலிக்காரர்தான், கத்தானியா ஊர். அவருடைய ‘நோர்மா’ ஒபேராவில் நிலவை நோக்கிப் பாடும் பாட்டின் நீண்ட வரியை ஒரு டெனர் டிராம்போனில், மெல்லிய ஒலியில், எங்கும் முறியாமல் கொண்டுபோக முடிந்தால், அதற்கு மேல் எந்தப் பயிற்சி நூலும் அவசரமில்லை.

இணையத்தில் முதலில் போக வேண்டிய இடம் ஐஎம்எஸ்எல்பி என்ற இசைத்தாள் நூலகம். எட்வர்ட் குவோ என்ற மாணவர் 2006-இல் தொடங்கியது. ஐரோப்பியப் பதிப்பகம் ஒன்றின் வக்கீல் கடிதத்தால் 2007 அக்டோபரில் மூடி, 2008 ஜூனில் மீண்டும் திறந்தது. காப்புரிமை காலாவதியான இசை ஏராளமாக அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. எந்த நூலகத்தில் எந்தக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது என்று அறிய, 1952-இல் தொடங்கிய ‘ரிஸ்ம்’ என்ற சர்வதேச இசைமூலப் பட்டியல் இருக்கிறது. 1972-இல் உருவான சர்வதேச டிராம்போன் சங்கத்தின் இதழில், ஊதுகிறவர்களே எழுதிய ஆராய்ச்சிகளைப் படிக்கலாம். வழி தெரிந்துவிட்டால் பிறகு தடுமாற்றம் இல்லை. கிடைத்த தாளை எப்படிப் படிப்பது என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். பலெர்மோவின் மாஸ்ஸிமோ அரங்கு, ஐரோப்பாவின் மிகப் பெரிய ஒபேரா மாளிகைகளில் ஒன்று, 1897 மே 16 அன்று வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’ ஒபேராவோடு திறக்கப்பட்டது. அப்போது வெர்டி உயிரோடிருந்தார்; அந்த ஒபேராவை மிலானில் மேடையேற்றி நான்கே வருடம் ஆகியிருந்தது. அதன் தாளில் மூன்று டிராம்போன், அடியில் ஒரு பாஸ் டிராம்போன். இன்றைக்கு ஸ்லைடு டிராம்போனை வைத்துக்கொண்டு அந்த வரிகளைப் பார்க்கிற மாணவருக்குச் சில இடங்களில் கை ஓடாது. கோளாறு அவர் கையில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய ஒபேராக் குழுக்களிலும் பேண்டுகளிலும் கோலோச்சியது வால்வு டிராம்போன். விரலால் அமுக்கினால் சுரம் மாறும். தூரம் கடக்க வேண்டியதில்லை. வெர்டி அந்த ஒலியைக் காதில் வைத்து எழுதினார். அடிக்குரலைப் பற்றி அவருக்குத் தீவிரமான அபிப்பிராயம் இருந்தது. ‘ஆயிடா’வின் சமயத்தில், 1871-இல், பதிப்பாளர் ஜூலியோ ரிக்கோர்திக்கு எழுதிய கடிதத்தில், பாம்பார்டோன் என்ற அடிக்குரல் பித்தளைக் கருவி டிராம்போன்களோடு ஒட்டாது, அதே குடும்பத்துக் கருவியே அடியில் வேண்டும் என்று வற்புறுத்தினார். மிலானின் பெலித்தி பட்டறை அவருக்காகச் செய்த பெரிய வால்வு டிராம்போன் 1881-இல் வந்தது. நான்கு பேரும் ஒரே தொண்டையிலிருந்து பாடுவதுபோல ஒலிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். எவ்வளவு சரியான பிடிவாதம்!

இதைத் தெரிந்துகொண்டு, பழைய இத்தாலியத் தாளில் வேகமான வரி வந்தாலே வால்வுக்கு எழுதியது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ரோஸினியின் ‘திருட்டுக் குருவி’ 1817-இல் வந்தது. வால்வுக்கு பெர்லினில் காப்புரிமை வாங்கியது 1818-இல்தான். அந்த முன்னிசையில் டிராம்போன் பாய்கிற பாய்ச்சலை ஸ்லைடு பிடித்த கைதான் பாய்ந்திருக்கும். தாளின் தேதியையும் ஊரையும் சேர்த்துப் பார்க்காமல் கருவியைத் தீர்மானிக்க முடியாது.

மாஸ்ஸிமோவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பால்ம் ஹோட்டல் இருக்கிறது. அங்கே தங்கியிருந்துதான் வாக்னர் 1882 ஜனவரி 13 அன்று ‘பார்சிஃபால்’ இசையை எழுதி முடித்தார். இரண்டு நாள் கழித்து ரெனுவார் அங்கே வந்து அவரை வரைந்தார். ‘பார்சிஃபால்’ முன்னிசையில் டிராம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து எழுப்பும் அந்தத் தேவாலய ‘ஆமென்’ இன்னொரு மரபைச் சேர்ந்தது. ஜெர்மனியின் ஸ்லைடு டிராம்போன், அகன்ற வாய், இருண்ட நாதம். ஒரே ஊரில், பதினைந்து வருட இடைவெளியில், டிராம்போனுக்கு இரண்டு வேதங்கள்! பலெர்மோ மாணவர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பழகினால், நாதம் என்பது கருவியில் பாதி, மனத்தில் பாதி என்பது விளங்கிவிடும்.

டிராம்போனின் குரல் பாட்டை மட்டும் பாடவில்லை. சிசிலியிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பலேறிய ஆயிரக்கணக்கானோரில் நிக் லரோக்காவின் பெற்றோரும் உண்டு. அவர் நடத்திய ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் குழு 1917 பிப்ரவரியில் பதிந்த தட்டே வெளிவந்த முதல் ஜாஸ் தட்டு. அதில் கிளாரினெட் சேவலாகக் கூவும், கார்னெட் குதிரையாகக் கனைக்கும், எடி எட்வர்ட்ஸின் டிராம்போன் மாடாகக் கத்தும். வேடிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்லைடு தன் வழுக்கலை ஒளிக்காமல் வெளியே காட்டிய இடம் அது. 1966-இல் லூச்சானோ பெரியோ எழுதிய ஐந்தாம் ‘செக்வென்சா’வில் தனி டிராம்போன்காரர் ஊதிக்கொண்டே கருவிக்குள் குரல் கொடுக்கிறார், நடுவில் நிறுத்தி ‘ஏன்?’ என்று கேட்கிறார். கோமாளி க்ரோக்கின் நினைவுக்காக எழுதியது. அந்த அறுபதுகளில் புது இசையின் வாரவிழாக்களை நடத்தி ஐரோப்பாவையே தன் பக்கம் திருப்பிய ஊர்களில் பலெர்மோவும் ஒன்று. 1974 முதல் ‘பிராஸ் குரூப்’ அமைப்பு அங்கே ஜாஸை வளர்த்துவருகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்தது தெரு. பலெர்மோவில் 1813-இல் பிறந்த எர்ரிகோ பெத்ரெல்லாவின் ‘ஜோனே’ ஒபேராவை (1858) இன்று முழுதாக மேடையில் பார்ப்பது அபூர்வம். பொம்பெய் நகர் அழியும் கதை. அதில் வரும் சாவு ஊர்வல இசை மட்டும் ஒபேராவைவிட்டு வெளியே வந்து பிழைத்துக்கொண்டது. பெரிய வெள்ளியன்று சிசிலியின் ஊர்களிலும் மால்டாவிலும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் பேண்டுகள் அதை வாசித்துக்கொண்டு நடக்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேண்டு செட்டைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, அந்த இசை தொடங்கும்போதே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இத்தாலியப் பேண்டுக்கு ஒரு பெருமை உண்டு. ஒபேராவுக்குச் சீட்டு வாங்க வசதியில்லாத சனங்கள் வெர்டியையும் பெல்லீனியையும் ஊர்ச் சதுக்கத்தில் பேண்டு வழியாகத்தான் கேட்டார்கள். கதாநாயகியின் பாட்டை ஃப்ளிகோர்னோ என்ற பித்தளைக் கருவிகளில் உயர்ந்த சுருதி கொண்டது வாசிக்கும். நாயகனுடையதை டெனர் ஃப்ளிகோர்னோ. தகப்பனும் வில்லனும் அதற்கும் கீழுள்ள பாரிடோன். டிராம்போன்கள் பெரும்பாலும் பின்னால் நின்று சுரக்கூட்டைத் தாங்கும். ஊர்வல நடைக்கு ஏற்ப, காலடிக்கும் காலடிக்கும் இடையில் விழுகிற தட்டுகள். ஒவ்வொன்றும் குட்டையாக, ஆனால் வறண்டுபோகாமல் இருக்க வேண்டும். உடம்பு அசையும், கூட்டம் இடிக்கும், உதட்டின் மேல் மவுத்பீஸ் அசையக் கூடாது. அப்புறம் எங்கோ ஒரு திருப்பத்தில் நாலு சுரம் மட்டும் டிராம்போன்களுக்கென்று வரும், மேலே எழும்பி அடங்கும். அந்த நாலு சுரத்தைப் பாடத் தெரிந்தவர் வாசித்தால் தெரு முழுக்கக் கேட்கும். பாடத் தெரியாதவர் வாசித்தால் சத்தம் மட்டும் வரும்.

இந்த ஊர்வல இசையில் பல இன்னும் இணையத்துக்கு ஏறவில்லை. சின்னப் பேண்டுகளின் அலமாரிகளில், பாக்கெட் அளவுத் தாள்களில், ஒருவர் கையால் எழுதி இன்னொருவர் திருத்திய பிரதிகளாக இருக்கின்றன. எந்த இடத்தில் மூச்சு, எந்தத் திருப்பத்தில் ஒலியைத் தணிக்க வேண்டும், சுரூபம் நிற்கும்போது எந்த வரியைத் திரும்ப வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் பென்சிலில் குறித்திருக்கும். ஆகவே பலெர்மோவில் டிராம்போன் எடுத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான்: போர்தோஞ்ஞியைக் கணினியில் இறக்கிக்கொள், அதை முதலில் வாயால் பாடு, பிறகு ஊது. தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே பக்கத்து ஊர்ப் பேண்டு மாஸ்டரிடம் போய், மூன்றாவது டிராம்போனுக்கு ஆள் வேண்டுமா என்று கேள். அவர் பெரும்பாலும் வேண்டும் என்றே சொல்வார்.