கழற்றி வைக்கும் வன்தட்டு

சிறு கந்தோர்களின் அன்றாடத் தரவுக் காப்பு முறைகளில் மிக எளியது, மாலையில் கோப்புகளை வெளி வன்தட்டொன்றில் பிரதியெடுத்துவிட்டு அதைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது. கொழும்புத்துறை போன்ற ஊரில் ஒரு சட்டத்தரணியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ சேரும் தரவு அதிகமில்லை. கணக்குகள், கடிதங்கள், ஸ்கான் செய்த உறுதிகள் எல்லாம் ஒரு டெராபைட் தட்டில் பல வருடங்களுக்கு அடங்கும். மாதக் கட்டணமில்லை, இணையமும் வேண்டாம். 2022இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது இணையத்தையே நம்பியிருந்த முறைகள் பட்ட பாடு நினைவிருப்பவர்களுக்கு இது சிறிய வசதியல்ல.

முறையின் வலு பிரதியெடுப்பதைவிடக் கழற்றுவதில்தான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தபோது, மூலத் தரவும் அதனோடு இணைப்பிலிருந்த காப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்கு இணைப்பில்லாத பிரதி இல்லாததால் அவை போனது போனதுதான். நாளாந்த ஆஃப்லைன் காப்பு அதன் பின்னரே தொடங்கியது. ஓர் அரசின் தரவு மையம் தவறவிட்டதை மேசை லாச்சியில் கிடக்கும் வன்தட்டு செய்துவிடும் என்பது சற்று வேடிக்கைதான்.

குறைகளும் கனமானவை. முதலாவது, இம்முறை ஒருவரின் கையை நம்பியது. அவர் லீவில் போனால் காப்பும் லீவில் போகும். இரண்டாவது, ஒரே தட்டில் நாள்தோறும் மேலெழுதினால் நேற்றுப் பழுதான கோப்பு இன்று நல்ல பிரதியையும் அழித்துவிடும். தட்டு செருகியிருக்கும் அந்த அரைமணியில் கணினியில் வைரஸ் இருந்தால் அதற்கும் தப்ப முடியாது. இரண்டு தட்டுகளை நாள் மாற்றி நாள் பயன்படுத்தினால் மேலெழுதும் ஆபத்தும் வைரஸ் ஆபத்தும் பெருமளவு குறையும். செலவு இரட்டிப்பானாலும் இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

மூன்றாவது குறை இடம். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஓலைச்சுவடிகளில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. கணினியும் காப்பும் ஒரே அறையிலிருந்தால் தீயும் திருட்டும் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோகும். ஆகவே ஒரு தட்டு இரவில் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். அப்படி வெளியே போகும் தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுவதும் அவசியம். விண்டோஸ் ஹோம் பதிப்பில் பிட்லொக்கரால் வெளித்தட்டைப் பூட்ட முடியாது. இலவசமான வெராகிரிப்ட் போதும்.

கூகுள் டிரைவ் இதற்கு மாற்றாகப் பலராலும் சொல்லப்படுகிறது. தூரத்தில் இருப்பது அதன் பெரிய நன்மை. ஆனால் இலவச 15 ஜிகாபைட்டை ஜிமெயிலும் பங்குபோடுகிறது. கணினியோடு ஒத்திசைந்திருக்கும் கோப்புறையில் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் மட்டுமே கிடக்கும். கணக்குக் கோப்புக்கு மேலதிகப் பிரதியாக அது நல்லது, ஒரே பிரதியாக அல்ல.

எந்த முறையானாலும் மாதம் ஒருமுறை சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்காவிட்டால் காப்பு இருக்கிறதா என்பதே தெரியாது. நாள் முழுவதும் பில் போடும் மருந்துக்கடைக்கு மாலைப் பிரதி போதாது. பிற்பகலில் கணினி நின்றால் காலை வியாபாரம் முழுவதும் போய்விடும். அங்கே மணிக்கொருமுறை தானாக எடுக்கும் பிரதியும் கூடவே வேண்டும்.