வசூலாகாத வரிக்கு ஒரு ரோடு, வசூலான வரிக்கு?

சின்ன வயசில் மரக்காணத்திலிருந்து சித்தப்பாவோடு சென்னைக்குப் போவேன். சென்ட்ரல் பக்கத்தில் அவருக்கு ஏதாவது வேலை இருக்கும். "வால்டாக்ஸ் ரோட்டுல இறங்கணும், தூங்கிடாதடா" என்பார். வால் வைத்த டாக்ஸி ஓடும் ரோடு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வால் என்றால் மதில், டாக்ஸ் என்றால் வரி என்று பிற்பாடு தெரிந்தது. அதன் கதையைச் சென்னை வரலாறு எழுதுகிற எல்லோரும் ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1758-59இல் லாலியின் படை கோட்டையை முற்றுகையிட்டது. 1769இல் ஹைதர் அலி நகரத்தின் வாசல் வரை வந்துவிட்டார். பயந்துபோன கம்பெனி, கறுப்பர் நகரத்தின் (இன்றைய ஜார்ஜ் டவுன்) வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பியது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வாங்கலாம் என்று திட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, வரி வசூலாகவே இல்லை. ஆனால் மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்கு அந்த வரியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

நல்ல கதைதான், நானும் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கு அந்தச் சிரிப்பின் மேலேயே ஒரு சந்தேகம்.

அந்த ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ரயில்வே சரக்கு நிலையம் இருக்கும் இடத்துக்குப் பெயர் 'சால்ட் கோட்டர்ஸ்'. உப்பு இலாகா ஆட்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் என்று பலர் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது 'கொட்டாரம்' என்ற நம்ம ஊர்ச் சொல். களஞ்சியம், கிடங்கு என்று பொருள். வெள்ளைக்காரன் வாயில் 'கோட்டார்' ஆகி, ஆங்கிலப் பன்மைக்கு ஒரு 'ஸ்' சேர்ந்து, திரும்ப நம்மிடமே வந்தபோது குவார்ட்டர்ஸ் மாதிரி ஒலித்தது. நம்ம சொல்லை இங்கிலீஷ் என்று நினைத்து, அதைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அங்கே உப்பு ஏன் குவிந்தது? 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. விளைவித்தவர் வேறு யாருக்கும் விற்கக் கூடாது. கம்பெனி ஒரு விலை கொடுத்து வாங்கும், காவல் போட்டுக் கிடங்கில் வைக்கும், தன் லாபத்தையும் வரியையும் ஏற்றி விற்கும். முறைகள் பின்னால் மாறினாலும் உப்பு வரி மட்டும் 1947 வரைக்கும் போகவில்லை. 142 வருஷம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வரி, மதிலுக்குள் வீடு வைத்திருந்தவர்கள் மேல் போட நினைத்தது. ஒரு காசுகூட வசூலாகவில்லை, ஆனால் ரோடே அதன் பெயரில் இருக்கிறது. இன்னொரு வரி, கஞ்சியில் உப்புப் போட்ட ஒவ்வொருவரும் ஐந்து தலைமுறை கட்டியது. அதன் கிடங்கின் பெயருக்கு அர்த்தம்கூட நமக்கு மறந்துவிட்டது.

இது தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. மதில் வரி வீட்டுக்காரன் வாசலில் வந்து நின்று கேட்கும் வரி. அவன் கத்துவான், மனு எழுதுவான். கத்தினது பேச்சாகும், பேச்சு பெயராகும். உப்பு வரி விலைக்குள்ளே ஒளிந்துகொண்டு வரும். கடைக்காரனிடம் "ஏன் இவ்வளவு?" என்று கேட்கலாம், அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது? கேட்க ஆள் இல்லாத வரிக்குத் தெருவில் பெயர் வராது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு இதில் இன்னொரு சம்பந்தம் உண்டு. பக்கிங்ஹாம் கால்வாயின் தெற்கு முனை மரக்காணத்தில்தான் வந்து முடிகிறது. இந்தக் கால்வாயும் பெயர் மாறி மாறி வந்ததுதான். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கியபோது கோக்ரேன் கால்வாய். அப்புறம் கிழக்குக் கடற்கரைக் கால்வாய். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக, கூலிக்குப் பட்டினி ஜனங்களை வைத்து வெட்டினார்கள். வெட்டி முடிந்ததும் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பெயரை வைத்தார்கள்.

அதே பஞ்சத்தின் நடுவில்தான், 1877 டிசம்பரில், சென்னை மாகாணத்தில் உப்பு வரியை ஏற்றினார்கள். 82 ராத்தல் கொண்ட ஒரு மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது 2 ரூபாய் 8 அணா ஆனது. கால்வாய் வெட்டின கையில் கூலியைக் கொடுத்து, அந்தக் கூலியில் வாங்கும் உப்பில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கால்வாயின் பெயரில் கவர்னர் இருக்கிறார், இந்தக் கணக்கு இல்லை.

"உப்பு வரிக்கா நினைவுச்சின்னம் இல்லை? வேதாரண்யத்தில் ஸ்தூபி இருக்கே" என்று கேட்கலாம். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் அங்கே உப்பு அள்ளியது பெரிய விஷயம். ஆனால் அது சட்டத்தை மீறின ஒரு நாளின் நினைவு. மற்ற நாளெல்லாம் உப்பை வாரினவன், சுமந்தவன், காவல் காத்தவன், வரியோடு வாங்கித் தின்றவன், இவர்களுடைய நினைவு சால்ட் கோட்டர்ஸ் மாதிரி இடங்களில்தான் மிச்சம் இருக்கிறது.

இன்னொரு கேள்வி எனக்கே உண்டு. வால்டாக்ஸ் ரோடு அதிகாரபூர்வமாக இப்போது வ.உ.சி. சாலை. வெள்ளைக்காரனின் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்டவர், அதுவும் தூத்துக்குடி என்ற உப்புக் கரையிலிருந்து. மதில் வரியை எடுத்துவிட்டு அவர் பெயரை வைத்ததில் என்ன தப்பு? தப்பே இல்லை. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் வ.உ.சி. சாலை என்று சொல்லிப் பாருங்கள், "வால்டாக்ஸ் தானே?" என்று திருப்பிக் கேட்பார். பெரியவர் பெயரை மேலே ஒட்டிவிட்டால் கீழே இருக்கும் கதை போய்விடாது. கதையைச் சொல்லாமல் பெயரை மட்டும் மாற்றினால் புதிய பெயருக்கும் வேர் பிடிக்காது. வரியையும் வ.உ.சி.யையும் சேர்த்து இரண்டு வரியில் பலகையில் எழுதியிருந்தால், ஏன் அந்தப் பெயர் போய் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு பையனுக்காவது புரிந்திருக்கும்.

தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து தமிழ்நாட்டில் அதிகம் உப்பு விளையும் இடமாக மரக்காணத்தைச் சொல்வார்கள். ஈ.சி.ஆரில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வெள்ளைக் குவியல்களைப் போட்டோ எடுக்கிறார்கள். அந்தக் குவியலுக்குப் பாத்தி வரப்பில் நடந்து போகிற பாதைக்குப் பலகை கிடையாது. விடியும் முன்னே வெறுங்காலோடு அதில் போகிறவர்களுக்கு அது வெறும் 'பாத்திக்குப் போற வழி'. பெயர் வேண்டும் என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை. அவர்கள் கேட்பது கூலியும், மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களுக்கு ஏதாவது வழியும்தான். அதை மறந்துவிட்டுப் பெயரைப் பற்றி மட்டும் நான் பேசினால் அதுவும் ஒரு பலகை ஒட்டுகிற வேலைதான்.

ஆனாலும் ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. சால்ட் கோட்டர்ஸ் என்று தமிழில் எழுதியிருக்கும் இடத்தில் 'உப்புக் கொட்டாரம்' என்று எழுதலாமே. இதில் புதுப் பெயர் எதுவும் இல்லை, யாரையும் நீக்கவும் வேண்டாம். இருக்கிற பெயரை அதன் சொந்த எழுத்தில் எழுதுவது மட்டும்தான். அதைப் படிக்கிற ஒருத்தராவது 'இங்கே ஏன் உப்பு?' என்று நின்று கேட்பார்.

உங்கள் ஊரிலும் இப்படி இங்கிலீஷ் மாதிரி ஒலிக்கிற தமிழ்ப் பெயர், வேலையின் பெயர், வரியின் பெயர் ஏதாவது தெருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வயசானவர்களிடம் கேட்டுவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.