ஊக்கம் யாரிடம் இல்லை?

வளையத்தை எறிந்து முளையில் மாட்டும் விளையாட்டைத் திருவிழாக்களில் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை உங்களுக்கே விட்டுவிட்டால் எங்கே நிற்பீர்கள்? முயன்றால் முடியும் என்ற நடுத் தூரத்தைத் தேர்ந்தெடுப்பவரிடம் ‘சாதனை ஊக்கம்’ மிகுதி என்றார் அமெரிக்க உளவியலார் டேவிட் மெக்லெலண்ட்.

இந்த ஊக்கத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா? ஆந்திரத்துக் காக்கிநாடாவின் வணிகர்களைக் கொண்டு அதைச் சோதித்தார். 1964 முதல் அவர்கள் குழுக்களாக ஐதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்திற்குச் சென்று சுமார் பத்து நாள் பயின்றார்கள். டேவிட் விண்டருடன் அவர் 1969-இல் வெளியிட்ட ‘மோட்டிவேட்டிங் எகனாமிக் அச்சீவ்மெண்ட்’ என்ற நூல் இதை விவரிக்கிறது. பயிற்சி பெறாத வணிகர்களைவிட இவர்கள் தொழிலில் கூடுதல் முயற்சி காட்டினார்களாம்.

ஊக்கத்தை எப்படி அளந்தார்கள்? படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி மதிப்பெண் இட்டார்கள். ஆனால் எப்படி எழுதினால் மதிப்பெண் கூடும் என்பதைப் பயிற்சியிலேயே கற்றும் தந்தார்கள்! வெப்பமானியை உள்ளங்கையில் தேய்த்துவிட்டுக் காய்ச்சல் பார்ப்பது போன்றது இது. நல்லவேளையாக, கதைகளோடு நிற்காமல் தொழில் நடவடிக்கைகளையும் கணக்கெடுத்தார்கள்.

நூலில் என்னைக் கவர்ந்தது வேறொரு செய்தி. தொழிலில் முடிவெடுக்கும் பொறுப்பு யார் கையில் இருந்ததோ, பெரும்பாலும் அவர்களிடம்தான் பயிற்சி பலித்தது. மின்கலம் எவ்வளவு வலிமையானதாயினும் சுற்று மூடாவிட்டால் மின்னோட்டம் உண்டா? ஆசிரியர்கள் இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். நாடுகளின் வளர்ச்சிக்கே மக்களின் மனத்தில் காரணம் தேடியவர் மெக்லெலண்ட். அங்கேதான் அவரோடு எனக்குப் பிணக்கு.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976 வரை அது ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. அந்த உழவரிடம் படத்தைக் காட்டிக் கதை கேட்டு, சாதனை ஊக்கம் குறைவு என்று எழுதினால் அது எதை அளந்ததாகும்?

“மலைப் பிள்ளைகளுக்கு முன்னேறும் ஆசையே இல்லை” என்று ஆசிரியர்கள் பேசக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். மாலைச் செய்முறை வகுப்பில் பாதியில் எழுந்து போகும் ஒரு மாணவனை அசட்டைக்காரன் என்று முடிவு கட்டியிருந்தேன். கடைசிப் பேருந்தை விட்டால் அவன் மலையேற வழியில்லை என்பது பிறகே தெரிந்தது. அவனுடைய சோதனைகளைக் காலைக்கு மாற்றினேன். விடுபட்ட அளவீடுகளை இரண்டே வாரத்தில் முடித்துவிட்டான். ஒரே ஒரு மாணவன், ஒப்பிட வேறு குழுவும் கிடையாது. ஆகவே இதை ஆராய்ச்சி என்று நான் சொல்லமாட்டேன்.