நன்கலம்: கப்பலா, குப்பியா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வலைப்பூவில் புறநானூற்றின் 56ஆம் பாடலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய பாட்டு அது. யவனரின் மது வரும் இடத்தில், 'இது போர்ட் ஒயின் மாதிரி ஸ்பிரிட் கலந்து வீரியம் ஏற்றிய ஒயினாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் அவ்வளவு நீண்ட கடல் பயணத்தில் புளித்துப் போயிருக்கும்' என்று எழுதி வச்சிருக்கேன். 'நன்கலம்' என்ற சொல்லுக்குக் கப்பல் என்று பொருள் கொண்டு, யோசிக்காமல் அடுத்த அடிக்குப் போய்விட்டேன்.

முதலாவது நிச்சயமாகத் தவறு. இரண்டாவதும் தவறு என்றுதான் இப்போது நினைக்கிறேன். முதல் தவறை ஆராயப் போனபோதுதான் இரண்டாவது கண்ணில் பட்டது. அதனால் அதே வரிசையில் சொல்கிறேன்.

போர்ட் ஒயின் செய்முறை எளிமையானது. திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே, சுமார் 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சை ஸ்பிரிட்டை அதில் ஊற்றுகிறார்கள். மொத்த வீரியம் 19, 20 சதவீதத்துக்கு ஏறியதும் ஈஸ்ட் செத்துப்போகும். மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். இனிப்பும் நிற்கும், ஒயினும் எளிதில் கெடாது. ஆனால் ஸ்பிரிட் வேண்டுமென்றால் காய்ச்சி வடிக்கத் தெரியவேண்டும். ஐரோப்பாவில் ஒயினைக் காய்ச்சி ஆல்கஹால் வடித்ததற்கான தெளிவான பதிவுகள் 12ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வருகின்றன. போர்ட்டில் ஸ்பிரிட் கலப்பது வழக்கமானது அதற்கும் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னால். நக்கீரர் காலத்து யவனரிடம் அந்த வித்தை இல்லை.

இந்த வித்தையின் உச்சத்தைப் பார்க்க போர்த்துகலின் மதீரா தீவுக்குப் போகவேண்டும். நம்ம சென்னைக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இந்தியா வரும் வழியில் ஃபுஞ்சால் துறைமுகத்தில் நின்று பீப்பாய் பீப்பாயாக மதீரா ஒயின் ஏற்றிக்கொண்டு வரும். செயின்ட் ஜார்ஜ் கோட்டை வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு மேசையில் அது வழக்கமான பானம். வெப்பமண்டலக் கடலில் பல மாதம் வெந்த ஒயின் கெடுவதற்குப் பதிலாகச் சுவை கூடியிருந்தது. விற்காமல் திரும்பி வந்த பீப்பாய்கள் இன்னும் நன்றாக இருந்தன. கடல் சுற்றி வந்த அந்த ஒயினுக்குத் தனிப் பெயரும் தனி விலையும் இருந்தன.

பிறகு கப்பலில் அனுப்பாமலேயே அந்த வெப்பத்தை ஊரிலேயே கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். சாதாரண ரகத்தைத் தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை சூடேற்றி மூன்று மாதம் வைக்கிறார்கள். நல்ல ரகத்தைப் பீப்பாயில் ஊற்றி, வெயில் காயும் மேல்மாடியில் குறைந்தது இரண்டு வருடம், பல சமயம் பல பத்தாண்டுகள் விட்டுவிடுகிறார்கள். இதற்குக் கான்டெய்ரோ முறை என்று பெயர். 1811இல் தொடங்கிய பிளாண்டி குடும்பம் ஏழாவது தலைமுறையாக இதைச் செய்துவருகிறது. தாத்தா நிரப்பிய பீப்பாயைப் பேரன் திறக்கிற தொழில்.

இந்த ஒயினை எந்தக் கப்பலில் ஏற்றினாலும் கவலையில்லை. அதன் காப்பு திரவத்துக்குள்ளேயே இருக்கிறது.

ரோமானிய ஒயினுக்கு அந்த வசதி கிடையாது. அதன் காப்பில் பெரும்பகுதி பாத்திரத்தில்தான். ஆம்போரா என்ற இருகாது மண்சாடியின் உட்புறத்தில் பிசின் பூசி, வாயை அடைத்து முத்திரை வைத்தார்கள். கிரேக்கத்தின் கோஸ் தீவு முறையில் ஒயினில் கடல்நீரும் சேர்ப்பார்கள். கேட்டோ தன் வேளாண்மை நூலில் அதற்குச் செய்முறையே எழுதியிருக்கிறார். சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கலப்பதும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பால் ஒரு நாளில் கெடும், சர்க்கரை சேர்த்துச் சுண்டவிட்ட பால்கோவா நாலு நாள் தாங்கும். சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்தன, பட்டணத்தில் கிடைத்தன, பாண்டியரின் துறைமுகமான அழகன்குளத்திலும் கிடைத்தன.

போன கோடையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் பதநீர் விற்கிற ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கள் இறக்கத்தான் 1987லிருந்து தமிழ்நாட்டில் தடை. 'ரெண்டுக்கும் ஒரே பாளை, ஒரே சாறுதானே, எப்படிய்யா பிரிக்கிறீங்க?' என்றேன். சிரித்துவிட்டு, 'கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீ, தடவலைன்னா கள்ளு. எல்லாம் கலயத்துலதான் இருக்கு தம்பி' என்றார்.

ஊருக்கு வந்ததும் 56ஆம் பாடலைத் திரும்ப எடுத்தேன். அந்தப் பகுதியின் போக்கைப் பாருங்கள். முதலில் அரசனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிடுகிறார் நக்கீரர். உன்னால் முடியாதது எது என்கிறார். பிறகு வாழ்த்து: இரவலருக்கு அருங்கலம் கொடு, யவனரின் நன்கலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மதுவைப் பெண்கள் பொன்னாலான புனைகலத்தில் ஏந்தி ஊட்ட, இனிது இரு. மூன்று நான்கு அடிக்குள் மூன்று 'கலம்'. முதலாவது அணிகலன், மூன்றாவது குடிக்கும் கிண்ணம். நடுவில் இருப்பது மட்டும் கப்பலா?

புறநானூற்றின் முதல் 266 பாடல்களுக்குக் கிடைத்திருக்கும் பழைய உரையில் அந்த உரையாசிரியர் இங்கே குப்பி என்றுதான் பொருள் சொல்கிறார். உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த காலத்திலிருந்து இது எல்லார் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. நானும் படித்திருந்தேன். பழைய ஆள், கப்பல் வணிகம் அவருக்குத் தெரிந்திருக்காது என்று தாண்டிப் போயிருக்கிறேன். அவருக்கு ஆம்போராவும் தெரிந்திருக்காது. ஆனாலும் பாட்டை ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

கப்பல் கட்சிக்கும் வலுவான வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அகநானூறு 149இல் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனரின் மரக்கலத்துக்கும் இதே 'நன்கலம்'தான். அங்கே அது பேரியாற்று நுரையைக் கலக்கிக்கொண்டு வருகிறது, சந்தேகமே இல்லை. இலக்கணப்படியும் 'யவனரின் நல்ல கப்பல் தந்த மது' என்பது நேராக ஓடும். குப்பி என்றால் 'நன்கலத்தில்' என்று ஓர் உருபை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் எங்கள் தொழிலில் ஒரு பெயர் இரண்டு இடத்தில் வந்தால், பக்கத்தில் இருக்கும் வரையறையைப் பார்த்துவிட்டுத்தான் தூரத்தில் இருப்பதைத் தேடுவோம். அகம் 149 ஆறும் துறையும் உள்ள பாட்டு. புறம் 56 அரண்மனைக்குள் நடக்கிறது. கொடுப்பது, பெறுவது, குடிப்பது எல்லாமே கையில் எடுக்கக்கூடிய பொருள்கள். ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு மது ஊற்றப்படும் காட்சி அது. நடுவில் கப்பலை நிறுத்தினால் காட்சி உடைந்து, வணிக வரலாற்றுக்கு ஒரு சான்று மட்டும் மிஞ்சுகிறது. நாம் சங்கப் பாடல்களை இப்படிச் சான்றுக்காகவே கிழித்துக் கிழித்து எடுக்கிறோம். 'அப்பவே ரோமோடு வியாபாரம்' என்று பெருமைப்பட ஒரு அடி கிடைத்தால் போதும், பாட்டு எங்கே போனாலும் பரவாயில்லை. நான் செய்ததும் அதுதான்.

வியாபாரத்துக்குக் கூட இந்தப் பெருமை அளவோடு இருக்கட்டும். முசிறிப் பக்கம் ஒயின் இறக்குமதி அதிகமில்லை என்றே பெரிப்ளூஸ் சொல்கிறது. அபூர்வமாக வந்ததால்தான் அரசனின் வாழ்த்துக்குள் அது நுழைந்தது. மதுவை முதிர வைக்க யவனரிடம் கற்கவேண்டிய நிலையிலும் நாம் இல்லை. பாரியின் பறம்பைப் பாடும் கபிலர் (புறம் 120) மண்ணில் புதைத்து முதிரவிட்ட மதுவைச் சொல்கிறார். மதீராக்காரர்கள் மாடி வெயிலில் செய்ததை இவர்கள் நிலத்தின் குளிர்ச்சியில் செய்திருக்கிறார்கள். நாள்பட்ட மதுவின் கடுப்பு இங்கே தெரிந்த சங்கதி. யவன மதுவுக்கு நக்கீரர் சொல்வது கடுப்பு அல்ல, குளிர்ச்சியும் மணமும். முன்பின் தெரியாத கடலைத் தாண்டியும் அந்த மணத்தை விடாமல் பிடித்து வைத்திருந்த சாடியை அவர் 'நல்ல கலம்' என்றார் என்றுதான் இப்போது படிக்கிறேன்.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. அதன் தலையில் 'திருத்தம்' என்று போட்டு இந்தப் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். கப்பல்தான் என்று வாதாட விரும்பும் நண்பர்கள், அந்த மூன்று கலங்களையும் சேர்த்து வாசித்துவிட்டு எழுதுங்கள்.