மர அம்பு எந்த வில்லுக்கு?

மர அம்பை ஆதரிப்பவர்கள் முதலில் நீட்டுவது பழமை என்ற வாதத்தை. இருப்பதிலேயே சொத்தை வாதம் அதுதான். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கில் அம்புகள் கிடைத்தன. பெரும்பாலும் பாப்லர் மரம். இன்று பலர் அசல் என்று கொண்டாடும் போர்ட் ஆர்ஃபோர்ட் சீடரோ, அமெரிக்காவின் ஆரிகன், கலிஃபோர்னியா பகுதி மரம். அந்தக் காலத்து இங்கிலாந்து வில்லாளி அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். கப்பல் மூழ்கிய அதே ஆண்டில் ‘டாக்ஸோஃபிலஸ்’ எழுதிய ராஜர் ஆஸ்கம், போர் அம்புக்குப் பாப்லர் இனத்து ஆஸ்பைவிட ஆஷ் மேல் என்று வாதாடினார். பழையவர்களும் வேலைக்கு ஏற்ற மரம் எது என்றுதான் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது எடை. மர வில்லில் இலேசான அம்பை வைத்தால், அம்பு வாங்காத விசை வில்லையே உலுக்கும். இழுவிசையில் பவுண்டுக்குச் சுமார் 10 கிரெயின் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெயின், ஏறக்குறைய 29 கிராம். மரத்தில் இது எளிதாக வந்துவிடும். ஆனால் கனமான முனை பொருத்தினால் கார்பன் அம்பிலும் வரும். ஆகவே இந்த வாதம் பாதிதான் செல்லும்.

மரம் உண்மையில் ஜெயிப்பது விறைப்பில். ஆங்கில நெடுவில்லின் நடுவில் அம்புக்கென வெட்டிவிட்ட இடம் கிடையாது. அம்பு வில்லின் பக்கவாட்டில் உட்கார்ந்து, விடுபட்டதும் வளைந்து நெளிந்து அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விறைப்பு கூடினால் வலக்கையாளருக்கு அம்பு இடப்பக்கம் விலகும், குறைந்தால் வலப்பக்கம். 26 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள். 0.52 அங்குலம் தொய்ந்தால் அது 50 பவுண்டு வில்லுக்கான விறைப்பு. கார்பனில் நீளத்தையும் முனையையும்தான் மாற்றிப் பார்க்க முடியும்; மரத்தண்டை உப்புத்தாளால் தேய்த்தே இளக்கிவிடலாம்.

குறைகளும் சில்லறை இல்லை. ஒரு டஜனில் இரண்டு ஒன்றுபோல் இருக்காது, ஈரத்தில் கோணும். இழை சாய்ந்தோடும் தண்டில் விரிசல் விழுந்தால், விடும்போதே முறிந்து கையைக் கிழிக்கும். கப்பிகள் வைத்த காம்பவுண்டு வில்லில் மர அம்பு கூடவே கூடாது.

என் தீர்ப்பு: நெடுவில்லுக்கு மரம்தான் சரி. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் நெடுவில் பிரிவிலும் அதுவே கட்டாயம். கற்றுக்குட்டிக்கு அலுமினியம் போதும். ஒன்றுபோல் இல்லாத மர அம்பு தந்தால், தவறு கையிலா அம்பிலா என்று அவரால் பிரித்தறிய முடியாது. வாங்குகிறவர்கள் விறைப்பும் எடையும் பொருத்திய தொகுதியாகக் கேளுங்கள். எய்வதற்குமுன் ஒவ்வொன்றையும் லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் கண்டதை முறித்து எறிந்துவிடுங்கள்.