வரைவிலக்கணத்திற்கு முந்திய அறிவு

ஒரு சொல்லைப் பிழையின்றி ஆளுகிறவர் அதற்கு வரைவிலக்கணம் கூற இயலாதபோது, அவரை அச்சொல்லை அறிந்தவர் என்பதா, அறியாதவர் என்பதா? இவ்வினாவுக்கு இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) தமது 'அர்ரத்து அலல் மன்திகிய்யீன்' நூலில் அளித்த விடை, அரபு பயிற்றுவிக்கும் நம் போன்றோர் மீண்டும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

'ஹத்து' எனும் வரைவிலக்கணமின்றி எப்பொருளைப் பற்றிய கருத்தும் மனத்தில் முறையாக அமையாது என்பது தர்க்கவியலார் கொள்கை. தர்க்கவியலைக் கல்லாதவரின் அறிவு நம்பத்தக்கதன்று என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்முஸ்தஸ்ஃபா'வின் முன்னுரையில் கூறுமளவுக்கு அக்கலை மதிப்புப் பெற்றிருந்தது. கி.பி. 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா இதனை மறுத்தார். வரைவிலக்கணம் கூறுபவர் அப்பொருளை எவ்வாறு அறிந்தார்? மற்றொரு வரைவிலக்கணத்தால் என்றால் அச்சங்கிலிக்கு முடிவில்லை. அஃதின்றியே அறிந்தார் என்றால் அக்கொள்கை தானே வீழ்கிறது.

நஹ்வுக் கலையே இதற்குச் சான்று. சீபவைஹி (ரஹ்) 'அல்கிதாப்' நூலின் தொடக்கத்தில் வினைச்சொல்லை விளக்கினார்; 'இஸ்மு' எனும் பெயர்ச்சொல்லுக்கோ மனிதன், குதிரை என எடுத்துக்காட்டுகளையே தந்தார். பின்வந்த நஹ்வு அறிஞர்கள் அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட வரைவிலக்கணங்களை வகுத்தனர் என்றும், அவை யாவும் ஆட்சேபத்திற்கு உள்ளாயின என்றும் இப்னு தைமிய்யா சுட்டுகிறார். அதனால் இஸ்மை அறிவதில் எவருக்கும் இடர் நேரவில்லை.

எனினும் இவ்வாதத்தை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லலாகாது. 'கம்ரு' எனும் சொல் திராட்சை மதுவை மட்டும் குறிக்குமா, போதை தரும் அனைத்தையும் குறிக்குமா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் பெரும்பான்மை இமாம்களும் கருத்து வேறுபட்டனர்; அதன் விளைவு சட்டத்தில் வெளிப்பட்டது. வழக்கு இரண்டாகப் பிரியும் இத்தகைய இடத்தில் சொல்லின் எல்லையை வரையறுத்தே ஆகவேண்டும். இப்னு தைமிய்யாவும் வரைவிலக்கணத்தின் பயனை முற்றாக மறுக்கவில்லை. ஒன்றை மற்றவற்றினின்று பிரித்துக் காட்டுவதே அதன் பணி என்றார். அது அறிவுக்கு வேலி, விதையன்று.

இங்கு நம் தவறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வொன்றில் ஒரு மாணவர் இஸ்மின் வரைவிலக்கணத்தைத் தங்குதடையின்றி ஒப்பித்தார்; எதிரே வைத்த வாக்கியத்திலோ இஸ்மு எது எனக் காட்ட இயலவில்லை. மற்றொருவர் வரைவிலக்கணத்தில் தடுமாறினார். ஆயினும் ஹரகத் இடப்படாத பக்கத்தை இஃராப் பிழையின்றி வாசித்தார். நாம் முன்னவருக்கே கூடுதல் மதிப்பெண் வழங்கினோம். கலையைக் கற்றவரை விட்டுவிட்டுக் கலையின் வேலியைக் கற்றவரை மெச்சினோம்.

வகுப்பறைத் தவறு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். ஈமானைப் பொறுத்தவரை அவ்வாறன்று. 'தவக்குல்' என்பதற்கு விளக்கம் கேட்டால் திகைத்து நிற்கும் ஒரு மூதாட்டி, தம்மால் ஆனதைச் செய்துவிட்டு, 'இனி அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று அமைதி கொள்கிறார். அச்சொல்லை அவர் உரிய இடத்தில் ஆளுகிறார். அதன்படி வாழவும் செய்கிறார். விளக்கம் சொல்லத் தெரியாத பாமரர் என அவரை ஒதுக்குமுன், அந்த வரைவிலக்கணத்தை மனனம் செய்த நாம் அச்சொல்லை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.