சிவப்புக்கு எண் ஒன்று

தொண்ணூறுகளில் ராயபுரம், மண்ணடி, பாரிமுனைப் பக்கம் கிளியரிங் அலுவலகங்களில் கணினி முன் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு நீலம் நன்றாகத் தெரியும். ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய நிரலைத் திறந்தால் திரை முழுக்க அந்த நீலம். அதன்மேல் பளிச்சென்ற வெள்ளையில் கப்பல் பெயர், பில் ஆஃப் லேடிங் எண், பெட்டிகளின் கணக்கு. அதே வட்டாரத்திலிருந்து பஸ் பிடித்துப் பொறியியல் படிக்கப் போனவர்களுக்கு அந்த நீலத்தை டர்போ சி அறிமுகப்படுத்தியது. அங்கே எழுத்து மஞ்சள். மவுஸும் விண்டோஸும் வந்த பிறகு அந்தத் திரைகள் ஓய்ந்தன. எழுத்தால் மட்டுமே ஆன திரை ஓயவில்லை. சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் இன்றும் நாளெல்லாம் டெர்மினலில்தான் குடியிருக்கிறார்கள். அந்தச் சின்ன இடத்தில் நிறத்தைக் கையாள்வதற்கும் ஒரு தேர்ச்சி வேண்டும். யாரிடம் அது இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதை முதல் திரையே சொல்லிவிடும்.

அந்த நீலத்திலிருந்தே தொடங்கலாம். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த சிஜிஏ அட்டை, திரையை 80 பத்தி, 25 வரி என்று 2000 கட்டங்களாகப் பிரித்தது. கட்டத்துக்கு இரண்டு பைட்: ஒன்றில் எழுத்து, மற்றதில் நிறம். நிற பைட்டில் நான்கு பிட் எழுத்தின் நிறத்துக்கு, மூன்று பிட் பின்னணிக்கு, மிச்சம் ஒன்று கண்சிமிட்டுவதற்கு. எழுத்துக்கு 16 நிறம், பின்னணிக்கு 8 நிறம், முழுத் திரையும் 4000 பைட்டில் அடக்கம். டர்போ சியில் அந்த நினைவகத்தின் முகவரியைத் தெரிந்துகொண்டு நேராக அதிலேயே எழுதிப் பார்த்த மாணவர்கள் அந்த நாளில் கல்லூரிக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

பின்னணிக்கு நீலத்தை ஏன் இத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள்? இன்றைய திரைகளுக்கான தரக் கணக்குப்படி, வெள்ளையின் பிரகாசத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. அதனால் நீலப் பின்னணி கிட்டத்தட்டக் கறுப்பு அளவுக்கே இருட்டு. வெள்ளையும் மஞ்சளும் அதன்மேல் தெளிவாக எழும். ஆனால் கறுப்பின் வெறுமை கிடையாது. அதே நீலத்தை எழுத்துக்கு வைத்துப் பாருங்கள். லினக்ஸில் எல்எஸ் கட்டளை கோப்புறைகளின் பெயரை நீலத்தில் காட்டும். புட்டி டெர்மினலின் கறுப்புத் திரையில் அதைப் படிக்கக் கண்ணை இடுக்காதவர்கள் குறைவு. பின்னணியில் அதைக் காப்பாற்றிய 7 சதவீதம்தான் எழுத்தில் அதைக் கவிழ்க்கிறது.

அந்தப் பதினாறு நிறத்தில் எனக்குப் பிடித்தது பழுப்பு. சிவப்பு பிட்டும் பச்சை பிட்டும் சேர்ந்தால் மஞ்சள் வர வேண்டும். நான்காவதான பிரகாச பிட் இல்லாவிட்டால் அது கலங்கிய, பாசி பிடித்த மஞ்சளாகத்தான் வரும். ஐபிஎம் தன் 5153 மானிட்டருக்குள் ஒரு தனிச் சுற்றை வைத்தது: இந்தக் கலவை, அதாவது ஆறாம் எண் நிறம், வந்தால் மட்டும் பச்சையைப் பாதியாகக் குறை. பாசி போய் நல்ல பழுப்பு கிடைத்தது. ஒரே ஒரு நிறம் கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காக வன்பொருளில் ஒரு விதிவிலக்கு. இன்றும் லினக்ஸின் வெறும் கன்சோலில் மஞ்சளைக் கேட்டால் அந்தப் பழுப்புதான் வரும். தடிமனையும் சேர்த்துக் கேட்டால்தான் மஞ்சள். அந்த மானிட்டர்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன. அவற்றின் ரசனை மட்டும் தங்கிவிட்டது.

டெர்மினலின் வழி வேறு. 1978இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட விடி100இல் நிறமே கிடையாது. தடிமன், அடிக்கோடு, கண்சிமிட்டல், எழுத்தையும் பின்னணியையும் இடம் மாற்றிக் காட்டுவது, இவ்வளவுதான். நிறத்துக்கான இலக்கணம் ஈசிஎம்ஏ-48, ஆன்சி தரங்களிலிருந்து வந்தது. எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, 31, எம் என்று அனுப்பினால் அடுத்து வரும் எழுத்தெல்லாம் சிவப்பு. 30 முதல் 37 வரை எழுத்துக்கு, 40 முதல் 47 வரை பின்னணிக்கு. கடைசி இலக்கம்தான் நிறம்: சிவப்பு 1, பச்சை 2, நீலம் 4. கூட்டினால் கலவை வரும். ஒன்றும் இரண்டும் மூன்று, மஞ்சள். ஒன்றும் நான்கும் ஐந்து, கருஞ்சிவப்பு ஊதா. மூன்றும் சேர்ந்து ஏழு, வெள்ளை. ஐபிஎம் பிசியில் இதே கணக்கு தலைகீழ்: நீலம் 1, சிவப்பு 4. டர்போ சியில் ஒன்று என்றால் நீலம் என்று மனப்பாடம் செய்துகொண்டு லினக்ஸுக்கு வந்தவருக்கு எல்லாம் சிவப்பாக வரும்.

இந்தத் தலைகீழ் காசிமேட்டு மீனவர்களுக்குப் புதிதில்லை. இரவில் துறைமுகத்துக்குத் திரும்பும் படகின் இடப் பக்க விளக்கு சிவப்பு, வலப் பக்கம் பச்சை. 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதி. எதிரே வரும் படகு எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று இருட்டிலேயே தெரியும். இந்த விளக்கு உலகம் முழுக்க ஒன்றுதான். வழிகாட்டும் மிதவைகள் அப்படியில்லை. 1980இல் நாடுகள் கூடிப் பேசியும் நிறத்தில் ஒன்றுபட முடியவில்லை. உலகம் இரண்டு மண்டலமாயிற்று. இந்தியா ‘ஏ’ மண்டலம்: துறைமுகத்துக்குள் நுழையும்போது இடப் பக்கம் சிவப்பு மிதவை, வலப் பக்கம் பச்சை. அமெரிக்க நாடுகளும் ஜப்பானும் ‘பி’ மண்டலம்: அங்கே இடம் பச்சை, வலம் சிவப்பு. ஆனால் வடிவத்தில் இரண்டு மண்டலத்துக்கும் ஒரே பேச்சு. இடப் பக்கத்து மிதவை டப்பா வடிவம், வலப் பக்கத்தது கூம்பு. நிறம் குழப்பினாலும் உருவம் கைவிடாது.

டெர்மினல் நிறத்தின் முதல் பாடமும் இதுதான். ஒரு செய்தியை நிறத்தின் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. நிரலின் பதிப்புகளைக் காக்கும் ‘கிட்’ கருவியில் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டால் நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் வருகிறது. அழகு. ஆனால் வரியின் தலையில் ஒரு கழித்தல் குறியோ கூட்டல் குறியோ ஏற்கனவே நிற்கிறது. நிறக் குருடு உள்ளவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது சிவப்பு, பச்சையில்தான். அவர்களுக்கும் அந்தத் திரை முழுதாகப் படிக்கக் கிடைக்கும்.

இரண்டாவது பாடம் சிக்கனம். 2014இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 4.9 பதிப்பு முதன்முதலாகப் பிழைச் செய்திகளுக்கு நிறம் கொடுத்தது. ‘பிழை’ என்ற ஒரு சொல் சிவப்பு. ‘எச்சரிக்கை’ என்ற சொல் ஊதா. தவறு நேர்ந்த இடத்தைக் காட்டும் சின்னக் கூரைக் குறி பச்சை. விளக்க வாக்கியத்துக்கு நிறமே இல்லை, ஏனென்றால் அது படிக்க வேண்டியது. தேடித் தருகிற கிரெப்பும் இந்த ஜாதிதான்: கோப்பின் பெயர் ஊதா, வரி எண் பச்சை, கிடைத்த சொல் தடித்த சிவப்பு. நூறு வரி ஓடினாலும் கண் நேராகப் போய் அந்தச் சிவப்பில் நிற்கும். நிறம் வாசகரிடம் சொல்வது ‘இங்கே பார்’ என்பதை மட்டும். எல்லா இடத்திலும் அதைச் சொன்னால் எங்கேயும் சொல்லாததற்குச் சமம்.

திருவொற்றியூர்ப் பக்கத்து கன்டெய்னர் யார்டு ஒன்றில் ஓடும் நிரலைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். பெட்டி எண்களைப் பட்டியலிடும் சாதாரண டெர்மினல் நிரல். எழுதியவர் அங்கேயே வேலை பார்க்கும் இளைஞர். முதல் பதிப்பில் ஒவ்வொரு ஷிப்பிங் லைனுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தார். பார்க்க ஜோர். எந்தப் பெட்டியைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் தெரியாது. பிறகு அவரே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டே இரண்டு விஷயத்துக்கு நிறம் வைத்தார்.

ஒன்று, எண் தப்பான பெட்டி. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். ஐஎஸ்ஓ 6346 சொல்கிற கணக்கு இது: எழுத்துகளையும் எண்ணாக்கி, இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் எடையால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் மீதி அந்தச் சோதனை இலக்கமாக இருக்க வேண்டும். கேட்டில் நிற்பவர் அவசரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டால் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஓர் எண் மட்டும் சிவப்பு, வரியின் முன்னால் ஒரு பெருக்கல் குறி. இரண்டாவது, நாள் கடந்து நிற்கும் பெட்டி. அதற்கு மஞ்சள்.

மஞ்சள்தான் தகராறு செய்தது. கேட் பக்கத்துக் கேபினில் மதியம் வெயில் நேராக மடிக்கணினி மேல் அடிக்கும். அதற்காக அங்கே உள்ளவர்கள் டெர்மினலின் பின்னணியை வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். வெள்ளையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நாள் கடந்த பெட்டிகள்தான் முதலில் கண்ணில் பட வேண்டியவை. அவையே திரையிலிருந்து காணாமல் போயின. அவர் கண்ட தீர்வு விடி100 காலத்தது: எண் 7, எழுத்தையும் பின்னணியையும் இடம் மாற்று. கறுப்புத் திரையில் அது வெள்ளைப் பட்டை. வெள்ளைத் திரையில் கறுப்புப் பட்டை. பார்ப்பவர் எந்த இரண்டு நிறத்தில் படிக்கிறாரோ அதே இரண்டையே புரட்டிப் போடுவதால் எந்த வெளிச்சத்திலும் படிக்கலாம். நிறமே இல்லாத அந்த ஒரு வரிதான் அந்தத் திரையில் நிறத்தை மிக நன்றாகக் கையாண்ட இடம் என்பேன்.

பழைய 16 நிறத்தின் பெருமையும் இதை ஒட்டியதே. நிரல் ‘ஒன்று’ என்று எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த ஒன்று எப்படிப்பட்ட சிவப்பு என்பதை டெர்மினலின் சொந்தக்காரர் முடிவு செய்கிறார். வயதானவர் அடர்த்தி கூட்டிக்கொள்ளலாம். வெயிலில் உட்கார்ந்தவர் வேறு நிறத் தட்டு வைத்துக்கொள்ளலாம். 2011இல் ஈதன் ஷூனோவர் உருவாக்கிய சோலரைஸ்ட் என்ற நிறத் தட்டு இந்த 16 இடத்துக்குள்ளேயே செய்த வேலை. எட்டு நிறம் பின்னணிக்கும் சாதாரண எழுத்துக்கும், எட்டு அழுத்தம் கொடுக்க. வெள்ளைப் பக்கத்திலும் கறுப்புப் பக்கத்திலும் ஒரே அளவு வேறுபாடு தெரியும்படி அளந்து எடுத்தவை. பின்னால் 256 நிறம் வந்தது: பழைய 16, ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் ஆறு படியாக 216, சாம்பல் 24. அதற்கும் பின்னால் ஒரு கோடியே 67 லட்சம் நிறத்தையும் நேரே கேட்கலாம் என்றாயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துல்லியமான நிறத்தை நிரல் எழுதுபவரே திணிக்கும்போது, தட்டை மாற்றிக்கொள்ளும் உரிமை படிப்பவரிடமிருந்து போய்விடுகிறது. அந்த 24 சாம்பலை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முக்கியமில்லாததைப் பின்னுக்குத் தள்ள அதைவிட மென்மையான கருவி இல்லை.

மௌனத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. நிரலின் வெளியீடு திரைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள யூனிக்ஸில் வழி இருக்கிறது. கேட்காத நிரல் கோப்புக்குள்ளும் அடைப்பும் 31ம் எம்முமாகக் குப்பையைக் கொட்டும். நல்ல நிரல் கோப்பு என்றால் நிறத்தைத் தானே விட்டுவிடும். ‘நோ கலர்’ என்ற சூழல் மாறியை ஒருவர் வைத்திருந்தால் எந்த நிரலும் நிறம் சேர்க்கக் கூடாது என்ற வழக்கம் 2017 முதல் பரவி வருகிறது. திறந்த நிறத்தை மூடுவதும் இதில் சேர்த்திதான். பூஜ்யத்தை அனுப்பாமல் நிரல் நடுவில் செத்தால், அதற்குப் பிறகு நீங்கள் அடிக்கும் கட்டளை எல்லாம் சிவப்பிலேயே வரும்.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கிரெப்பில் ‘க’ என்று தேடினால் ‘கடல்’ ஒழுங்காக வரும். ‘கொடி’யில் யூனிகோடு கணக்குப்படி ‘க’ தனி, ஒகரக் குறி தனி. நிறத்தை மூடும் கட்டளை இரண்டுக்கும் நடுவில் போய் உட்காரும். சில டெர்மினல்களில் கொம்பும் காலும் தனியே கழன்று புள்ளி வட்டத்தோடு நிற்கும். தமிழுக்கு நிறம் கொடுப்பவர் குறியீடுகளை எண்ணக் கூடாது, எழுத்துகளை எண்ண வேண்டும். ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி தயாராக இருக்கிறது. அதைக் கொண்டு பிரித்துவிட்டு, முழு எழுத்துக்கு வெளியே நிறத்தைத் திறந்து மூடினால் ‘கொ’ உடையாது.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் பல கணினிகளில் விண்டோஸோடு கூட வந்தது. வடசென்னைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கையில் ஒரு டெர்மினல் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அவர்களில் நிரல் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் நிறத்தை முழுக்க அணைத்துவிட்டு உங்கள் திரையை ஒருமுறை படியுங்கள். எல்லாம் புரிகிறதா? பிறகு பின்னணியை வெள்ளையாக்கிப் படியுங்கள். அப்போதும் புரிந்தால் சிவப்பை ஒரே ஒரு இடத்தில் சேருங்கள். இரண்டாவது நிறம் தேவையா என்பதை உங்கள் திரையை நாள் முழுக்கப் பார்க்கப் போகிறவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.